யார் எடுத்த அடி? — ஊவாத் தோட்டங்களில் ஆலயப் பாட்டின் வரலாறு

பதுளை நகரிலிருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் மலைப்பாதையில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்து செல்வோர் சில வேளைகளில் இரண்டு ஓசைகளை ஒருங்கே கேட்பர். ஒன்று, தோட்டத்துச் சிற்றாலயத்திலிருந்து எழும் கீர்த்தனை. மற்றொன்று, எதிர்ச்சரிவிலுள்ள லயமொன்றில் திருவிழாவுக்கோ சாவுக்கோ முழங்கும் தப்பு. இரண்டும் ஒரே மக்களின் ஓசைகள். ஒரே மலையில் கொழுந்து கொய்து, ஒரே தராசில் நிறுத்து, ஒரே செக்ரோலில் பெயர் பதியப் பெறும் மக்கள் அவர்கள். ஆயினும் அந்தத் தப்பு இந்த ஆலயத்தின் வாசற்படியைக் கடந்து உள்ளே சென்றதை நாம் கண்டதில்லை. இஃது ஏன் என்று மாணவன் ஒருவன் ஒரு நாள் நம்மிடம் வினவினான். வகுப்பறையில் அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை. அவ்விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் கோப்பியின் விலையை எழுதினர்; தேயிலையின் ஏற்றுமதியை எழுதினர்; கங்காணியின் கொடுமையையும் சட்டங்களின் வஞ்சனையையும் எழுதினர். இவையெல்லாம் எழுதப்பட வேண்டியவையே. ஆனால், வாரத்தில் ஆறு நாள் பிறர் கட்டளைக்குச் செவி சாய்த்து வாழ்ந்த ஒரு கூட்டம் ஏழாம் நாள் கூடி வாய்விட்டுப் பாடியபோது, எப்பாட்டைப் பாடுவது, எம்மெட்டில் பாடுவது, முதலடியை யார் எடுப்பது என்பவற்றை யார் முடிவு செய்தார் என்னும் வினாவைக் கேட்டவர் மிகச் சிலர். அது பக்தர்களின் உள்வீட்டு விவகாரம் என்று முற்போக்காளராகிய நாமும் ஒதுக்கிவிட்டோம். ஒரு மக்கட்கூட்டத்தின் வாயில் எச்சொல் நாள்தோறும் வைக்கப்படுகிறதோ அச்சொல்லே அதன் நெஞ்சில் வேரோடுகிறது. ஆதலின் இவ்வினா பூசகருக்கு மட்டும் உரியதன்று. வரலாற்று மாணவனுக்கும் உரியது.

பதுளையின் பழைய ஆலயங்களுள் ஒன்று புனித மாற்கு ஆலயம். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டு, 1857இல் அர்ப்பணம் செய்யப்பெற்றது அது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர் அவர். ஊவாவின் மலைகளில் ஆங்கில ஆட்சி எவ்வாறு காலூன்றிற்று என்பதற்கு அந்த நினைவுக்கல்லே போதிய சான்று. அதிகாரிகளும் துரைமாரும் தம் நாட்டுப் பாட்டைத் தம் மொழியில் பாடுவதற்கு அத்தகைய ஆலயங்கள் இருந்தன. அதே ஆண்டுகளில், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்து, வழியில் நோய்க்கும் பசிக்கும் இரையானவர் போக எஞ்சிய தமிழ் உழைப்பாளர் கோப்பித் தோட்டங்களில் குடியேறிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு ஆலயம் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, மாரியம்மன் தாலாட்டு ஆகியவற்றை அவர்கள் நெஞ்சிலே சுமந்து வந்தனர். சுங்கச் சாவடியில் பறித்துக்கொள்ள இயலாத சொத்து அது ஒன்றே.

1854ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கத்தினர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் பெயரால் தோட்டங்களில் சமயப் பணியைத் தொடங்கினர். அப்பெயரை வாசகர்கள் ஒருமுறை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். மனிதனுடைய ஆன்மாவைத் தேடிச் சென்ற சங்கமும் அவனை அவன் பெற்ற கூலியின் பெயராலேயே அழைத்தது! இப்பணிக்குத் தோட்டத் துரைமாரின் ஆதரவும் பணமும் இருந்தன. துரைமாருள் மெய்யான பக்தியுடையோரும் இருந்திருப்பர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயினும் குடியாத, களவு செய்யாத, கட்டளைக்குப் பணிகின்ற உழைப்பாளி கணக்கேட்டிலும் இலாபமானவன் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர்.

இம்மிஷனின் உண்மையான உழைப்பாளிகள் வெள்ளைப் பாதிரிமார் அல்லர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து அழைத்து வரப்பட்ட உபதேசிமார்களே. மலைக்கு மலை நடந்து, பிரட்டுக்களத்திலும் லயத்து வாசலிலும் நின்று பேசி, மாலையில் பிள்ளைகளைக் கூட்டி எழுத்தறிவித்து, ஞாயிற்றுக்கிழமையில் பாட்டெடுத்தவர்கள் அவர்கள். பள்ளி ஆசிரியரும் பாட்டாசிரியரும் ஒருவரே. நம்மைப் போன்ற ஆசிரியர்கள் தம் தொழிலின் மூதாதையரை அந்த உபதேசியாரிடம் காணலாம். துரையின் தயவால் வாழ்ந்துகொண்டு தொழிலாளியின் பிள்ளைக்குக் கல்வி தந்த அவருடைய இரண்டகமான நிலையும் நமக்குப் புதியதன்று.

அவர் கையில் இரண்டு வகைப் பாட்டுகள் இருந்தன. முதலாவது, ஞானப்பாட்டு அல்லது பாமாலை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு காலத்திலிருந்து ஜெர்மானியப் பாட்டுகளும், பின்னர் ஆங்கிலப் பாட்டுகளும் அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கப்பட்டு வந்தன. பபிரிசியு ஐயர் பதினெட்டாம் நூற்றாண்டில் மொழிபெயர்த்த பாட்டுகள் இன்றளவும் லுத்தரன் சபைகளில் பாடப்படுகின்றன. இவற்றுள் உள்ளத்தைத் தொடும் பாட்டுகள் பல உண்டு. ஆயினும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. ஐரோப்பியப் பாட்டு சொல்லின் அழுத்தத்தின்மேல் நடப்பது. தமிழ்ப் பாட்டு குறில் நெடிலின் அளவின்மேல் நடப்பது. பிறநாட்டு மெட்டிலே தமிழ்ச் சொல்லைப் பெய்யும்போது குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது, சொல்லின் நடுவே மெட்டு மூச்சு வாங்குகிறது. புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோன் இதனைச் சமாளித்துக்கொள்வான். எழுத்தறியாதவன் செவி தடுமாறும்.

இரண்டாவது, கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த இவ்வடிவத்தில் சரணத்தை ஒருவர் பாட, கூட்டம் பல்லவிக்குத் திரும்புகிறது. பல்லவி மும்முறை திரும்புவதற்குள் எழுத்தறியாத கிழவியும் அதனைத் தன்னுடையதாக்கிக்கொள்வாள். எதுகையும் மோனையும் அடுத்த சொல்லை நினைவூட்டும். தாளத்தைக் கை தானே போடும். புத்தகம் வாங்கக் காசில்லாத, விளக்கெரிக்க எண்ணெயில்லாத ஒரு சபைக்கு இதனினும் ஏற்ற வடிவம் யாது?

இக்கீர்த்தனையின் பெரும்புலவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). திருநெல்வேலியிற் பிறந்து, சுவார்த்து ஐயரிடம் கற்று, சரபோசி மன்னரின் மதிப்பைப் பெற்று, 'பெத்லகேம் குறவஞ்சி' முதலிய நூல்களை இயற்றியவர். 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டும் இசையும் ஆலயத்துக்கு ஏலாதன என்று விலக்க முற்பட்டபோது, சாஸ்திரியார் அதனை ஒரு கொடுமை என்றே எழுதி எதிர்த்தார். தம் இசைக்காக வெள்ளைப் பாதிரியாரை எதிர்த்து நின்ற அந்தத் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால், அதே எதிர்ப்பில் மற்றொரு கொடுமையாக அவர் கண்டது எதனை? சாதி வேறுபாடின்றி எல்லாரையும் ஒன்றாக அமர்த்தியதனை! தாய்மொழியின் இசைக்காகப் போராடிய அதே எழுதுகோல், சாதியின் தனி இருக்கைக்காகவும் போராடிற்று. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. மக்கள் இசை என்று நாம் கொண்டாடுவனவற்றுள்ளும் யாருடைய மக்கள், எந்த மக்கள் என்று வினவியே தீரவேண்டும்.

1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர், சாஸ்திரியாரின் பாடல்களையும் பிறர் பாடல்களையும் தொகுத்து அச்சிட்டார். ஒதுக்கப்பட்ட கீர்த்தனை அச்சேறி ஆலயத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டிலேயே தோட்டங்களில் மிஷன் தொடங்கிற்று. ஆக, மலையேறி வந்த ஆலயப் பாட்டு ஐரோப்பிய மெட்டும் தஞ்சை அரண்மனையின் கருநாடக இசையுமாக வந்தது. லயத்திலே பாடப்பட்ட பாட்டு அந்த இரண்டிலும் இல்லை.

பாட்டெடுப்பவருடைய வேலை வெளியிலிருந்து பார்ப்பார்க்கு எளிதாகத் தோன்றும். உண்மையில் அது ஓராண்டின் திட்டம். திருவருகைக் காலம், கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், உயிர்த்தெழுதல், அறுப்பின் பண்டிகை என்று ஆண்டுச் சக்கரம் சுழல்கிறது. ஒவ்வொரு ஞாயிறுக்கும் குறித்த வேதபாடம் உண்டு. அதற்கிசைந்த பாட்டு வேண்டும். தொடக்கத்திற்கு ஒன்று, பாவ அறிக்கையின் பின் ஒன்று, காணிக்கைக்கு ஒன்று, நற்கருணைக்குச் சில, முடிவிற்கு ஒன்று. எல்லாரும் அறிந்த பாட்டுகளின் இடையே புதியது ஒன்றுக்கு மேல் வைத்தால் கூட்டம் ஊமையாகிவிடும். சுருதியை மிகவும் உயர்த்தினால் ஆண்கள் கைவிடுவர். மிகவும் தாழ்த்தினால் பெண்கள் கைவிடுவர். மேலும், அங்கு வந்திருப்போர் ஆறு நாள் குளிரிலும் மழையிலும் மலை ஏறி இறங்கியவர்கள். அவர்கள் நெஞ்சில் எவ்வளவு மூச்சு மிஞ்சியிருக்கிறது என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். சரணங்கள் பத்தாயின் எவற்றை விடுவது என்பதும் அவர் முடிவே.

அம்முடிவில்தான் அரசியல் புகுகிறது. பொறுமையையும் பணிவையும் மறுமையின் ஆறுதலையும் கூறும் பாட்டுகள் ஏராளம். ஆனால் அதே வேதத்தில் மரியாளின் பாட்டும் இருக்கிறது. வலியோர் அரியணையினின்று தள்ளப்படுவதையும், பசித்தோர் நிறைவு பெறுவதையும், செல்வர் வெறுங்கையராய் அனுப்பப்படுவதையும் பாடுகின்ற பாட்டு அது. ஆங்கிலத் திருச்சபையின் மாலை வழிபாட்டு முறையில் அதற்கு நிலையான இடம் உண்டு. துரையும் அதனைப் பாடினார். பாடிவிட்டுப் பங்களாவுக்குத் திரும்பினார். பாட்டின் சொல் மட்டும் மனிதனை மாற்றிவிடும் என்று நம்புவோர்க்கு இது தக்க பாடம். ஆனால் அதே சொல் பசித்தவன் வாயில் வேறு பொருள் பெறுகிறது. ஆதலால்தான் அவன் வாயில் எது வைக்கப்படுகிறது என்பது பொருட்டாகிறது.

இனி, தப்பின் செய்திக்கு வருவோம். தோட்டத்தில் விடியற்கருக்கலில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. மாரியம்மன் திருவிழாவில் முழங்கியது தப்பு; காமன் கூத்தை ஆட்டியது தப்பு; பிணத்தின் முன் நடந்ததும் தப்பு. துரையின் ஆட்சிக்கும் அது வேண்டியிருந்தது. தெய்வத்துக்கும் சாவுக்கும் வேண்டியிருந்தது. ஆலயத்திற்கு மட்டும் அது ஆகாதாயிற்று. 'அஞ்ஞானிகளின் கருவி' என்று பாதிரியார் விலக்கினார். 'தீண்டாதவர் கருவி' என்று சாதி விலக்கிற்று. இரு விலக்குகளும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆயின் பழி முழுவதையும் பாதிரியார் தலையிற் சுமத்துவதும் நேர்மையன்று. தப்படித்த குடும்பத்தாரே கிறிஸ்தவரான பின் அதனைத் தொட மறுத்ததும் உண்டு. அவர்களுக்கு அது கலையன்று, விலங்கு. மேற்சாதியின் சாவுக்குக் கூலியின்றி அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டவன், தன் பிள்ளை கையில் அதற்குப் பதிலாக ஹார்மோனியத்தைக் கண்டபோது மகிழ்ந்தான் என்றால், நூலகத்திலிருந்து 'மக்கள் கலை' பேசும் நாம் அவனைக் குறை கூற உரிமையுடையோமா? விலங்கை இசைக்கருவியாக மாற்றுவதென்றால், முதலில் அடிக்கும் கடமையிலிருந்து அவன் விடுதலை பெறவேண்டும். விரும்பி அடிப்பதற்கும் விதித்தபடி அடிப்பதற்கும் உள்ள தூரமே சாதி ஒழிப்பின் தூரம்.

ஆலயத்துக்கு வெளியிலும் பாட்டு தன் வழியே நடந்தது. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் தோட்டத்துக் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். பேச்சு புரியாதவர்க்கும் பாட்டு புரிந்தது. 1940இல் ஊவாவில் வேலைநிறுத்த அலை எழுந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவை நிறுவி நிருவாகத்தோடு வழக்காடினர். சேர்ந்து பாடப் பழகிய மக்கள் சேர்ந்து நிற்கவும் பழகுகின்றனர். பஜனை மடமும் ஆலயமும் கூத்துக் களமும் தோட்டத்தில் மக்கள் தாமே கூடிய இடங்கள். தொழிற்சங்கம் வருமுன்னரே கூடுதல் என்னும் பழக்கம் அங்கு இருந்தது. இதனை நம் இயக்கத்தார் போதிய அளவு உணர்ந்தாரல்லர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஆலயத்துப் பாடகர் வரிசையில் இதன் பொருள் யாது? ஒரு ஞாயிறு பாட்டெடுத்தவர் அடுத்த ஞாயிறு இல்லை. தாய் இங்கே, மகள் அங்கே. பல்லவி இங்கே, சரணம் அங்கே. இதற்கிடையே 1966 முதல் 1971 வரை நாட்டின் வார விடுமுறை ஞாயிறிலிருந்து போயா நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஞாயிறு வேலைநாளாகவே, வழிபாட்டின் நேரமும் நீளமும் வேலைக்கு அடங்கவேண்டியதாயிற்று. ஒரு சரணத்தைக் குறைப்பதா என்னும் சிறு முடிவின் பின்னே அரசாங்கத்தின் பெரிய முடிவுகள் நின்றதைப் பாட்டெடுப்பவர் எவரினும் நன்கறிந்திருப்பார்.

அதே காலத்தில் வேறொரு காற்றும் வீசிற்று. 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டு ஆவணம், மக்களின் மொழிக்கும் அவ்வந்நாட்டு இசைமரபுக்கும் கத்தோலிக்க வழிபாட்டில் இடம் தந்தது. பூசையை இலத்தீனில் கேட்டுக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி தமிழில் மறுமொழி சொல்லத் தொடங்கினான். 1972இல் பதுளை தனி மறைமாவட்டமாயிற்று. கண்டியின் ஆயர் பதவியை விட்டு இவ்வேழைப் பகுதிக்கு விரும்பி வந்த லியோ நாணயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயரானார். மக்களோடு வாழ்ந்து கற்கும் குருமாரை உருவாக்குவதற்குப் பண்டாரவளையில் 'சேவக செவன' என்னும் பயிற்சி இல்லத்தை அவர் நிறுவினார். சிங்கள வழிபாட்டிற்குத் தேவ சூரிய சேனா நாட்டு மெட்டில் இசையமைத்திருந்தார். யோஹான் தேவானந்த அடிகள் 1970களில் சமூக விடுதலையைப் பேசும் புதிய வழிபாட்டு முறையொன்றை ஆக்கினார்.

தமிழில் இவ்வழியின் எல்லைவரை சென்றவர் மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பறட்டை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர், கருநாடகக் கீர்த்தனையும் மேல்தட்டின் இசையே என்று துணிந்து கூறினார். நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறை முழங்க முழு வழிபாட்டையே அமைத்தார். பாடுவோர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள இடந்தரும் பாட்டே மக்களுடைய பாட்டு என்பது அவர் கொள்கை. பிசகாமல் பாடவேண்டும் என்று பிரம்பெடுக்கும் ஆசிரியராகிய நமக்கு இது சற்றுக் கசக்கும். கசந்தாலும் மருந்து மருந்தே.

இன்று தோட்டத்து ஆலயங்களிலும் புதிய சபைகளிலும் மின்விசைப் பலகையும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் நேற்று வெளியான பாட்டு இன்று கைப்பேசியில் ஸ்பிரிங்வெளிக்கு வந்துவிடுகிறது. இதனை நாம் பழிக்கவில்லை. துரையின் புத்தகத்தைக் காட்டிலும் இஃது இளைஞர் கைக்கு எட்டுவது. ஆயினும் மேடையில் ஒலிவாங்கியோடு நால்வர் பாட, கீழே நாற்பதுபேர் உதடசைக்கும் காட்சியைக் காணும்போது, பல்லவிக்குத் திரும்பிய அந்தப் பழைய கூட்டம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அன்று பாட்டைப் பறித்தது அதிகாரம்; இன்று பறிப்பது ஓசைப்பெருக்கம்.

2014 அக்டோபர் 29ஆம் நாள் இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தை மீரியபெத்தையில், மலை சரிந்து லயங்களை மூடிற்று. அத்தகைய நாளுக்கு அடுத்த ஞாயிறு எப்பாட்டைப் பாடுவது? மகிழ்ச்சிப் பாட்டு வாயில் நிற்காது. மொழிபெயர்ப்புப் பாட்டு துயரத்துக்கு எட்டாது. இறந்தவர் பெயர் சொல்லி, அவர் செய்த வேலை சொல்லி, பறித்தவன் யார் என்று வினவி அழும் ஒரு வடிவம் நம் பாட்டிமாரிடம் இருக்கிறது. அதற்கு ஒப்பாரி என்று பெயர். வேதத்திலும் புலம்பல் என்று தனி ஆகமமே உண்டு. இவ்விரண்டும் ஒரே வாசலில் சந்திக்கத் தடையாயிருப்பது தெய்வம் அன்று. நாம் ஏற்றுக்கொண்ட மேல் கீழ் என்னும் எண்ணமே.

ஆகவே அந்த மாணவனுக்கு நாம் இப்போது விடை கூறலாம். தப்பு உள்ளே வராததற்குக் காரணம், எப்பாட்டு தூயது என்பதை அதனை அடித்தவர்கள் ஒருபோதும் முடிவு செய்யவில்லை என்பதே. அம்முடிவு திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் இலண்டனிலும் பங்களாவிலும் செய்யப்பட்டு, லயத்துக்கு இறங்கி வந்தது. இனி அது லயத்திலிருந்து ஏறவேண்டும்.

இதற்குப் பெரிய மாநாடு எதுவும் வேண்டுவதில்லை. சமய நம்பிக்கை உடையவராயினும் அற்றவராயினும், மலையகத்தின் ஆசிரியரும் மாணவரும் ஒரு காரியம் செய்யலாம். தம் தோட்டத்தில் பாட்டெடுத்த முதியவர் ஒருவரிடம், ஒப்பாரி அறிந்த மூதாட்டி ஒருத்தியிடம், தப்படித்த ஒருவரிடம் சென்று அமர்ந்து கேட்கலாம்; ஒலிப்பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைக்கலாம். நாமும் தொடங்கியிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு மூதாட்டி நமக்கு ஒரு கீர்த்தனையைப் பாடிக் காட்டினார். நடுவே, புத்தகத்தில் இல்லாத ஒரு சரணம் வந்தது. குளிரும் கொழுந்துக்கூடையும் அதில் இருந்தன. "இது எங்கே கற்றது, பாட்டி?" என்று கேட்டோம்.

"எங்கேயும் கத்துக்கலேய்யா. மலையிலே பாடிக்கிட்டிருந்தேன், தானா வந்திச்சு. கோயில்லே பாடினா உபதேசியார் ஏசுவாருன்னு வாய்க்குள்ளேயே வச்சிருந்தேன்" என்றார்.